நீர்பாய்ச்சியின் தொழில் என்ன? - உழவுப் பெயர்கள் குறித்துச் சில குறிப்புகள்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், வைகையின் வடகரையை ஒட்டி அமைந்த ஊர் சமயநல்லூர். நகரம் இன்று ஊரின் வாசல் வரை வந்துவிட்டது. ஆயினும் பரவை, தேனூர், சோழவந்தான் என்று ஆற்றின் போக்குக்கு எதிராக மேற்கே நடந்தால் வயல்களும் தென்னந்தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் இன்னும் கண்ணுக்குத் தென்படுகின்றன. நான் பிறந்து வளர்ந்த நிலம் இது. இந்நிலத்தில் மக்கள் தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொண்டார்கள், பிறர் அவர்களை என்ன பெயரால் அழைத்தார்கள் என்பதைப் பற்றிச் சில குறிப்புகளை எழுதிப் பார்க்கலாம் எனத் தோன்றியது. அதற்குக் காரணம் ஒரு விண்ணப்பப் படிவம்.

கல்லூரியில் சேர்க்கை நடைபெறும் நாட்களில் படிவங்களைச் சரிபார்க்கும் பணி எங்களுக்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர்ப்பக்கத்து மாணவன் ஒருவன் படிவத்தை நீட்டினான். "தந்தையின் தொழில்" என்ற கட்டத்தில் "கூலி" என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு கிழித்து, பிறகு மீண்டும் "கூலி" என்றே எழுதியிருந்தான். உடன் வந்திருந்த தகப்பனாரை எனக்குத் தெரியும். என் தந்தையார் காலத்திலிருந்தே கண்மாய்ப் பாசன வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். "அண்ணே, நீங்க நீர்பாய்ச்சியில்ல, ஏன் கூலின்னு போடச் சொன்னீக?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அத எழுதுனா அது என்ன வேலைன்னு கேப்பாங்க தம்பி. கூலின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார்.

அந்தப் பதில் என்னை நெடுநாள் விடவில்லை. ஒரு தொழிலுக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு நெடிய வரலாறு இருக்கிறது. எனினும் அதைத் தாளில் எழுதத் தொழிலுக்குரியவரே கூசுகிறார். இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது?

இரண்டே சொற்கள்

அரசின் கணக்கில் உழவுத்தொழில் செய்வோர் இரண்டு வகையினர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களைச் சாகுபடியாளர் என்றும் விவசாயத் தொழிலாளர் என்றும் பிரிக்கிறது. சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ தம் பொறுப்பில் பயிரிட்டு லாப நட்டத்தைத் தாமே ஏற்பவர் முதல் வகை. பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்து, விளைச்சலின் நட்டத்தில் பொறுப்பேற்காதவர் இரண்டாம் வகை. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் சாகுபடியாளர் சுமார் 51 லட்சம் பேர். விவசாயத் தொழிலாளர் சுமார் 86 லட்சம் பேர். 2011இல் முன்னவர் சுமார் 42 லட்சமாகக் குறைந்தனர். பின்னவர் சுமார் 96 லட்சமாகப் பெருகினர். பத்தே ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு சொல்லிலிருந்து மற்றொரு சொல்லுக்கு இறங்கின என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன.

ஆனால் ஊரின் பேச்சில் இரண்டு சொற்கள் போதுமானவையாக ஒருபோதும் இருந்ததில்லை. நிலம் உடையவர் பண்ணையார். அவரிடம் ஆண்டுக் கணக்கில் கட்டுப்பட்டு உழைப்பவர் பண்ணையாள். படியளந்து கொடுக்கும் தானியத்தைக் கூலியாகப் பெறுபவர் படியாள். நிலத்தைக் குறிப்பிட்ட தொகைக்கோ நெல்லுக்கோ எடுத்துப் பயிரிடுபவர் குத்தகைக்காரர். விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்பவர் வாரக்காரர். வேலையாட்களை மேற்பார்ப்பவர் கங்காணி. வெற்றிலை பயிரிடுபவர் கொடிக்கால்காரர். அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்தி உரமேற்றுபவர் கிடைக்காரர். அந்தக் கிடைகளுக்குத் தலைவர் கீதாரி. கண்மாய்த் தண்ணீரைப் பங்கிடுபவர் நீர்பாய்ச்சி. நாற்றுப் பறிப்பவர், நடுபவர், களை எடுப்பவர், கதிர் அறுப்பவர், பொலி தூற்றுபவர் என்று வேலைகள் தோறும் ஆட்கள் உண்டு.

இச்சொற்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். இவை வெறும் வேலையின் பெயர்கள் அல்ல. ஒருவருக்கு நிலத்தோடு என்ன உறவு, விளைச்சலில் என்ன உரிமை, மற்றவரோடு என்ன கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்பவை. படியாளுக்கும் வாரக்காரருக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு வாழ்நாளின் தூரம். படிவத்தின் கட்டத்தில் அந்தத் தூரம் மறைந்துவிடுகிறது.

இலக்கியத்தில் உழவர்

சங்க இலக்கியம் உழவுத்தொழில் செய்வோரை ஒரே பெயரால் சுட்டுவதில்லை. உழவர், களமர், வினைஞர், தொழுவர், கடைசியர் எனப் பல பெயர்கள் அங்கே உண்டு. நெல் அரிவோரைத் தொழுவர் என்று புறநானூறு குறிக்கிறது. கடைசியர் என்பது வயலில் உழைக்கும் மகளிரைக் குறித்த சொல்; களையெடுப்போரும் நாற்று நடுவோருமான பெண்களுக்குத் தனிப்பெயர் இருந்தது என்பதே கவனத்திற்குரியது. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள தேனூர், ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களில் பாண்டியனின் ஊராக வருகிறது. அங்கே கரும்பு ஆலையின் ஓசையும் கேட்கிறது. ஆக, இந்தச் சமவெளியின் உழவுக்கு இலக்கியச் சான்று குறைந்தது 1,800 ஆண்டுகளுக்கு உண்டு எனலாம்.

மள்ளர் என்ற சொல்லைப் பாருங்கள். சங்கப் பாடல்களில் அது பெரும்பாலும் வீரரைக் குறிக்கும். பின்வந்த நிகண்டுகள் அதற்கு வீரர், உழவர் என இரு பொருளும் தருகின்றன. களமர் என்பதற்கும் அவ்வாறே. களம் என்பது போர்க்களமும் ஆகும், நெற்களமும் ஆகும். ஏர் பிடித்த கை வாளும் பிடித்த ஒரு சமூகத்தின் நினைவு இச்சொற்களில் தங்கியிருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

வேளாண்மை என்ற சொல்லின் கதை இதனினும் சுவையானது. இன்று வேளாண்மை என்றால் பயிர்த்தொழில். ஆனால் திருக்குறளில் இச்சொல் வரும் இடங்களில் அதற்கு உபகாரம், பிறர்க்கு உதவுதல் என்பதே பொருள். விருந்தோம்பலிலும் ஒப்புரவறிதலிலும் வரும் வேளாண்மை ஈகையைச் சொல்கிறது. உழவைப் பற்றித் தனியாக ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் அங்கே வேளாண்மை என்ற சொல்லைக் கையாளவில்லை என்பதும் எண்ணத்தக்கது. தொல்காப்பிய மரபியலோ வேளாண் மாந்தரை உழுதுண்ணும் வாழ்வோடு இணைத்துப் பேசுகிறது. கொடுப்பவன் என்ற பொருளும் உழுபவன் என்ற பொருளும் ஒரே சொல்லில் சேர்ந்தது தற்செயல் அன்று. உழுபவனே ஊருக்குக் கொடுப்பவன் என்ற எண்ணமே அதன் அடிப்படை. எங்கள் பக்கத்துப் பேச்சில் வேளாண்மை வெள்ளாமை ஆகிவிட்டது. "வெள்ளாமை வீடு வந்து சேரணும்" என்று என் அப்பத்தா சொல்லும்போது அது தொழிலைக் குறிக்காது. வயலில் நிற்கும் பயிரையே குறிக்கும். ஈகை தொழிலாகி, தொழில் பயிராகியிருக்கிறது.

பிற்காலத்துப் பள்ளு இலக்கியம் உழவுத்தொழிலின் சொற்களஞ்சியமே ஆகும். முக்கூடற்பள்ளு போன்ற நூல்களில் நெல் வகை, மாட்டு வகை, ஏரின் உறுப்புகள் எல்லாம் நீண்ட பட்டியல்களாக வருகின்றன. அங்கே பண்ணைக்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. அவன் நிலத்தின் உழைப்பாளியும் அல்லன்; இடையில் நின்று கணக்குக் கேட்பவன், தண்டிப்பவன். புலவர்கள் அவனை நகைப்புக்குரியவனாகவே படைத்தார்கள். களத்தில் உழைப்போரின் சிரிப்பு இலக்கியத்தில் நுழைந்த இடம் அது.

கச்சேரிச் சொற்கள்

ஊர்ச் சொற்களின் மீது இன்னொரு அடுக்கு வருவாய்த்துறைச் சொற்கள். ரயத்து, மிராசு, இனாம், பசலி, ஜமாபந்தி, மராமத்து என்பவை அரபு, பாரசீக மூலங்களிலிருந்து வந்து ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணம் முழுவதும் வேரூன்றியவை. மிராசு என்பது வாரிசு உரிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. தஞ்சையில் அது மிராசுதார் என்ற செல்வாக்குமிக்க மனிதராயிற்று. ரயத்து என்பது ஆளப்படும் குடியைக் குறித்த சொல். தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்த காலத்தில் ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. அரசு நேரடியாக ரயத்திடம் வரி வாங்கும். அவர் பெயரில் பட்டா இருக்கும். பட்டாவில் பெயர் உள்ளவரே அரசின் கண்ணில் உழவர். அவருடைய நிலத்தில் உண்மையில் ஏர் பிடித்தவருக்குப் பட்டாவில் இடமில்லை. இந்தச் சொற்களின் குவியலைப் புரிந்துகொள்ள அதிகாரிகளுக்கே அகராதி தேவைப்பட்டது. எச். எச். வில்சன் தொகுத்த நீதி, வருவாய்த்துறைச் சொற்களின் பெருந்தொகுதி 1855இல் வெளியாயிற்று.

பசலி என்பது அறுவடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த ஆண்டுக் கணக்கு. ஜூலை முதல் நாள் தொடங்கும் இவ்வாண்டு முறையைத் தமிழக வருவாய்த்துறை இன்றும் கைவிடவில்லை. நாட்டின் காலண்டரில் அறுவடைக்கென்று ஓர் ஆண்டு ஓடிக்கொண்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

ஆங்கிலத்து ஃபார்மர் என்ற சொல்லின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. இலத்தீன மூலத்தில் அது நிலையான தொகையைக் குறித்தது. வரியையோ நிலத்தையோ ஒரு தொகைக்குக் குத்தகை எடுத்தவரே முதலில் ஃபார்மர். உழுபவர் என்ற பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. நாம் உழவர் என்று சொல்லும்போது முதலில் ஏர் வருகிறது; அவர்கள் சொல்லில் முதலில் வந்தது ஒப்பந்தம்.

நீர்பாய்ச்சி முதல் லஸ்கர் வரை

வட மாவட்டங்களில் ஏரி, நெல்லையில் குளம், மதுரையிலும் இராமநாதபுரத்திலும் கண்மாய். நீர்நிலைக்குப் பெயர் மாறுவது போலவே அதன் நீரைப் பங்கிடுபவருக்கும் வட்டாரந்தோறும் பெயர் மாறும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, நீராணிக்கர், மடைக்குடும்பன், கம்புகட்டி என்று பல பெயர்கள் உண்டு.

இவருடைய வேலை வெறுமனே மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிடுவதன்று. கண்மாயில் எவ்வளவு நீர் இருக்கிறது, எத்தனை நாளைக்கு வரும், எந்த வயலுக்கு எப்போது திறக்க வேண்டும் என்பதை அறிந்தவர் அவர். நீர் குறைந்த காலத்தில் முறை வைத்துக் கடைமடைக்கும் நீர் சேர்ப்பவர். கரையில் கசிவு கண்டால் முதலில் ஊரை எழுப்புபவரும் அவரே. பெரும்பாலும் அவருக்குச் சொந்த நிலம் இருக்காது. நிலம் இருந்தால் தன் வயலுக்கு ஒருபிடி நீர் கூடுதலாகப் போகும் என்ற ஐயம் எழும் அல்லவா? நிலமில்லாத ஒருவர் கையில் ஊரின் நீர் முழுவதும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பல ஊர்களில் அவர் தாழ்த்தப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். வாய்க்காலில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. தெருவிலோ அவர் செருப்பணிந்து நடக்க இயலாத காலமும் இருந்தது. இந்த முரணை மறைத்துவிட்டு நீர் மேலாண்மையின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

1895இல் முல்லைப் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தது. மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகைப் படுகையை அடைந்தது. பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் கிளம்புகிறது. 1959இல் வைகை அணையும் வந்தது. பேரணைக்கும் கள்ளந்திரிக்கும் இடையே சுமார் 45,000 ஏக்கர் இருபோகப் பாசனமாயிற்று. மழையை நம்பியிருந்த சமவெளி அட்டவணைப்படி வரும் தண்ணீரை நம்பத் தொடங்கியது. அதனோடு புதிய சொல் ஒன்றும் வந்தது: லஸ்கர். படையைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. பொதுப்பணித்துறையில் மதகும் கால்வாயும் காக்கும் கடைநிலைப் பணியாளர் லஸ்கர் எனப்பட்டார். நீர்பாய்ச்சிக்கு ஊர் பதில் சொல்லும். லஸ்கருக்கு அரசு பதில் சொல்லும். முன்னவருக்கு நெல், பின்னவருக்குச் சம்பளம். கால்வாய்ப் பாசனம் வந்த இடங்களிலும் கிளை வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் சேர்க்கும் வேலை நீர்பாய்ச்சியிடமே இருந்தது. எனினும் மரியாதை மதகோடு போய்விட்டது.

கண்மாய்க்கரை பராமரிப்பு ஊரார் கடமையாக இருந்ததைக் குடிமராமத்து என்றனர். குடி தமிழ், மராமத்து அரபு வழிவந்த சொல். 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் அந்த மரபைக் கட்டாய உழைப்பாக எழுத்தில் கொண்டுவந்தது. ஊரின் வழக்கம் அரசின் ஆணையாயிற்று. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் நீர்நிலைகளைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, மறந்துபோன சொல் மீண்டும் செய்தித்தாளுக்கு வந்தது.

இவ்விடத்தில் ஒரு பிழைக் கருத்தையும் சுட்ட வேண்டும். மடையன் என்ற வசைச்சொல், வெள்ள நாளில் உயிரைப் பணயம் வைத்து மடை திறந்த வீரனின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு செய்தி பரவலாகச் சுற்றுகிறது. கேட்பதற்கு இனிமைதான். ஆனால் சொல்லாராய்ச்சி அதற்கு இடம் தரவில்லை. அறியாமையைக் குறிக்கும் மடம் என்பதிலிருந்து வந்த மடையன் ஒரு சொல். உணவைக் குறிக்கும் மடை என்பதிலிருந்து வந்து சமையற்காரனைக் குறித்த மடையன் மற்றொரு சொல். நீர்மடையைக் காப்பவனையும் சில பகுதிகளில் மடையன் என்றே அழைத்தனர், அது மூன்றாவது. ஒலியால் ஒன்றான மூன்று சொற்கள் இவை. வசை மடத்திலிருந்து பிறந்ததே. ஆயினும் வாய்க்கால் வரப்பில் நிற்பவரை ஒருவர் அப்பெயரால் அழைக்கும்போது, எந்தச் சொல்லால் அழைத்தார் என்பது கேட்டவருக்கு எப்படித் தெரியும்?

களத்தில் ஒரு சுதந்திரம்

என் அப்பத்தாவின் பேச்சில் "களத்துச் சொதந்திரம்" என்றொரு தொடர் அடிக்கடி வரும். சிறுவயதில் அது 1947 ஆகஸ்டு 15ஐப் பற்றிய பேச்சு என்றே நினைத்திருந்தேன். பின்னாளில்தான் பொருள் விளங்கிற்று. கதிரடித்துப் பொலி குவித்ததும், நிலத்துக்காரர் வீட்டுக்கு நெல் போவதற்கு முன்பு, கொல்லர், தச்சர், நாவிதர், வண்ணார், காவற்காரர், நீர்பாய்ச்சி ஆகியோருக்குக் களத்திலேயே அளந்து கொடுக்கும் பங்கு அது. சில இடங்களில் மேரை என்றும் சொல்வர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனிலும் சுதந்திரம் என்பதற்கு உரிமைப்பேறு என்ற பொருள் பதிவாகியிருக்கிறது.

இது தர்மமன்று, இனாமுமன்று, உரிமை. ஆகவேதான் அதற்குச் சுதந்திரம் என்று பெயர். விடுதலை என்ற பொருளில் நாம் இன்று உச்சரிக்கும் சொல், உழைத்தவனுக்குரிய நெல்லின் அளவைக் குறித்து நின்ற காலம் ஒன்று உண்டு. ஆனால் உரிமை என்றாலும் அது சாதியோடும் பிறப்போடும் கட்டப்பட்ட உரிமை. வேறு தொழிலுக்குப் போகும் உரிமை அதில் இல்லை. நெல்லைக் கொடுத்த கை, மனிதனை அந்த இடத்திலேயே நிறுத்தியும் வைத்தது. 1980இல் தமிழகத்தில் கர்ணம், முன்சீப் முதலான பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கதிரடிக்கும் எந்திரம் வந்த பிறகு களமே இல்லாமற் போயிற்று. களம் போன பிறகு களத்துச் சுதந்திரம் எங்கே இருக்கும்?

ஊருக்கு ஊர் ஒரு பெயர்

மதுரைக்குத் தெற்கே கரிசல் பக்கம் சென்றால் உழவர் சம்சாரி ஆகிவிடுவார். குடும்ப வாழ்வில் உள்ளவர் என்பது வடமொழியில் அதன் பொருள். குடும்பம் நடத்துவதும் நிலம் உழுவதும் ஒன்றே என்று அந்த மண் முடிவு செய்துவிட்டது. கொங்கு நாட்டில் நில உடைமையாளர் பண்ணாடி, தொழில் பண்ணயம். ஈழத்தில் கமக்காரர், இலங்கை அரசின் அலுவலகப் பெயரிலேயே கமநல சேவை என்ற சொல் உண்டு. மதுரையில் கமலை இறைப்பது கொங்கில் கவலை ஓட்டுவது ஆகும்.

விவசாயி என்ற சொல்லும் இப்படிப் பொருள் மாறியதே. வடமொழியில் வியவசாயம் என்பது உறுதி, முயற்சி. கீதையில் அது உறுதிகொண்ட அறிவைக் குறிக்கிறது. இந்தியில் அது வணிகத்தையும் பிற தொழிலையும் குறிக்கும். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும்தான் அது பயிர்த்தொழிலாகச் சுருங்கியது. தென்னாட்டில் முயற்சி என்றாலே ஏர் பிடிப்பதுதான் போலும்.

இவ்வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் பணியில் தெலுங்கர் முன்னோடிகள். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொகுத்த தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதி 1962இல் வெளிவந்தது. அது முழுக்க உழவுத்தொழிலுக்கே உரியது. தமிழில் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இலும், பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இலும், கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி 2007இலும் வந்தன. மூவரும் புனைகதை எழுத்தாளர்கள் என்பது தற்செயலன்று. கதை எழுத உட்கார்ந்தவருக்குத்தான் பாத்திரத்தின் வாயில் எந்தச் சொல்லை வைப்பது என்ற கவலை வருகிறது. மதுரைச் சமவெளியின் உழவுச் சொற்களுக்கும் அத்தகைய கவலை கொண்ட ஒருவர் வேண்டும்.

பெயர் மாற்றமும் மதிப்பும்

உழைப்பவரின் பெயர் வசையாவது எல்லா மொழியிலும் நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வில்லன் என்பது முதலில் பண்ணையில் கட்டுண்ட குடியானவனின் பெயர். பிறகு கயவனின் பெயராயிற்று. முரடனைக் குறிக்கும் பூர் என்பதும் உழவனைக் குறித்த சொல்லே. நாமும் பட்டிக்காட்டான், நாட்டுப்புறத்தான் என்று சொல்லிச் சிரித்தவர்கள்தாம். நகரம் எழுதும் அகராதியில் கிராமத்திற்கு எப்போதும் கடைசி இருக்கையே.

இதற்கு எதிரான முயற்சிகளும் நடந்தன. தஞ்சையில் 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் கட்டிய இயக்கம் பண்ணையாள் என்ற நிலையையே கேள்விக்குள்ளாக்கியது. 1952இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சை மாவட்டத்திற்கு வந்தது. பண்ணையாள் மெல்ல விவசாயத் தொழிலாளி ஆனார். அது வெறும் பெயர் மாற்றமன்று என்பதற்கு 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் எரிந்த 44 உயிர்கள் சாட்சி. கூலியைக் கூட்டிக் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்ததும் அவர்கள் செய்த குற்றங்கள்.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இலக்கியத்தில் உறங்கிய உழவர் என்ற சொல் பேருந்துப் பலகையில் ஏறிற்று. 2021இல் வேளாண்மைத் துறையின் பெயரும் வேளாண்மை - உழவர் நலத்துறை என மாறியது. அதே 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் தமிழகப் பட்டியல் சாதியினருள் ஏழு பிரிவினர் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரின் கீழ் வந்தனர். அந்த ஏழு பெயர்களுள் குடும்பன், பண்ணாடி என்பவையும் உண்டு. கொங்கில் நிலக்கிழாரை விளிக்கும் பண்ணாடி இங்கே ஒரு பிரிவின் பெயர். கண்மாயின் மடைக்குடும்பனும் இப்பெயர்களின் உறவினனே. ஒரு பெயருக்காக மக்கள் பல்லாண்டுகள் போராடுகிறார்கள் என்றால், பெயரில் என்ன இருக்கிறது என்று நாம் எளிதாகக் கேட்டுவிட முடியாது.

மீண்டும் அந்தக் கட்டம்

மாணவன் எழுதிய கூலி என்ற சொல்லுக்கே திரும்புகிறேன். இச்சொல் உலகம் சுற்றியது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் திரட்டிச் சென்ற காலத்தில், ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராயிற்று. கங்காணியும் கூலியும் ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றன. கூலி என்ற ஆங்கில வழக்குக்குத் தமிழ்ச் சொல்லே மூலம் என்பாரும், குஜராத்தின் கோலி மக்கள் பெயரே மூலம் என்பாரும் உளர். எதுவாயினும், பேரரசின் வாயில் அது இழிசொல்லாகவே திரும்பி வந்தது.

ஆனால் அதற்கு முந்தைய ஓர் இடமும் இச்சொல்லுக்கு உண்டு. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் கூலி என்பது உடல் வருந்தி உழைத்ததன் நிச்சயமான பயன். தெய்வத்தால் ஆகாதபோதும் தப்பாமல் கிடைப்பது அது. வியப்பு என்னவெனில், அதே அதிகாரத்தில்தான் வேளாண்மை என்ற சொல்லும், முயற்சியால் வரும் ஈகை என்ற பொருளில் ஆளப்படுகிறது. ஆள்வினை என்பதன் பொருளோ முயற்சி; விவசாயம் என்ற வடசொல்லின் மூலப்பொருளும் அதுவே. விவசாயி, வேளாளர், கூலி என்று இன்று மூன்று படிகளில் நிற்பவர்கள் அந்தப் பத்துக் குறள்களுக்குள் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். படிகளைப் பின்னர் கட்டியவர்கள் நாம்.

அன்று நான் அந்தப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, "நீர்பாய்ச்சின்னே எழுதுப்பா, கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றேன். பையன் தகப்பனார் முகத்தைப் பார்த்தான். அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "வேணாம் தம்பி, இவன் படிச்சு முடிச்சு வந்து எழுதட்டும்" என்று சொல்லிவிட்டார். படிவம் கூலி என்ற சொல்லோடுதான் உள்ளே போயிற்று. அவரை வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. உதவித்தொகைக்கு எந்தச் சொல் பயன்படும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவன் இப்போது படிப்பை முடித்துவிட்டான். அவன் பிள்ளைகளின் படிவத்தில் நீர்பாய்ச்சி என்று எழுத வேண்டிய தேவை வராது, அது நல்லதே. பிறப்பால் ஒட்டிய தொழில் அறுபட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தொழிலில் இருந்த அறிவும், அந்த அறிவைச் சுமந்த பெயரும் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். வாசகர்கள் தங்கள் ஊரின் முதியவரிடம் அமர்ந்து, யார் யாருக்கு என்ன பெயர் என்று ஒரு மாலைப்பொழுது கேட்டுப் பார்க்கலாம். நிலத்தின் பெயர் பட்டாவில் இருக்கிறது. உழைத்தவரின் பெயர் அவர் வாயில் மட்டுமே இருக்கிறது.